வேலைப்பாடு இல்லாத துணி

கோபிசெட்டிபாளையம்
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

அம்மா எழுதுகிறேன். பார்சலில் இரண்டு ஜாக்கெட் வைத்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், தீபாவளிக்கு வந்தபோது நீ பாதியில் விட்டுவிட்டுப் போன சண்டையை முடிக்க வேண்டும்.

சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. நீ பேசினாய், நான் ஹூக் வைத்துக்கொண்டே கேட்டேன். "எங்கள் அலுவலகத்தில் இருநூறு பேர் நான்கு வருடம் ராப்பகலாகச் செய்த கணினி விளையாட்டை ஒருவனும் திரும்பிப் பார்ப்பதில்லை. கறுப்பு வெள்ளையில் ஒரு பையன் இடமிருந்து வலமாக நடந்தால் அது கலை. மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இருட்டாக இருந்தால் போதும், ஆழம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்" என்றாய். சொல்லிவிட்டு முறுக்கை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாய்.

நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில் அந்தப் பையன் இருந்தான். லிம்போ என்ற விளையாட்டு. தம்பிதான் திறந்து கொடுத்தான். தையல் கடையைச் சாத்திவிட்டு, சாப்பிட்ட பிறகு, தினமும் ஒரு மணி நேரம். உனக்கு மூன்று மணி நேரம் என்றால் எனக்குப் பதினோரு இரவு. இத்தனை வருடம் கால் மிதித்தால்தான் கை வேலை செய்யும் என்று பழகியவள் நான். விசையைத் தட்டும்போதெல்லாம் மேசைக்கடியில் கால் தானாக மிதிக்கிறது. தம்பி சிரித்துச் சிரித்து ஓய்ந்துவிட்டான்.

திறந்ததும் ஒன்றுமே நடக்கவில்லை. காடு, பனிமூட்டம், புல்லில் ஏதோ கிடக்கிறது. லேப்டாப் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். ஒரு விசையைத் தொட்டதும் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் திறந்தன. கண்கள். பையன் எழுந்து உட்கார்ந்தான். இதைச் செய், அதைச் செய் என்று ஓர் எழுத்துகூட வரவில்லை. கடைசி வரை வரவில்லை. பாம்பு, ஏணி விளையாட்டுக்கே அட்டையின் பின்பக்கம் நான்கு வரி விதி போட்டிருப்பார்கள்.

உனக்கு அந்தச் சிலந்தி நினைவிருக்கிறதா? மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, பையன் கிட்டே வந்தால் காலை ஈட்டி மாதிரி குத்துகிறது. நான் எத்தனை தடவை செத்தேன் என்று தம்பிதான் எண்ணினான், என்னிடம் சொல்லவில்லை. பிறகுதான் புரிந்தது. அது குத்தக் குத்த மரம் அதிர்ந்து, மேலே மாட்டியிருக்கும் இரும்புப் பொறி கீழே விழுகிறது. அந்தப் பொறியைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சிலந்தியின் கால் விழும் இடத்தில் வைக்க வேண்டும். அதற்கு முன்னால் பையனைக் கொன்ற அதே மாதிரிப் பொறி. அது இப்போது அவன் கையில் ஆயுதம். இதை யாரும் சொல்லித்தரவில்லை, பொறியும் சிலந்தியும்தான் சொல்லித்தந்தன.

அதோடு விட்டிருந்தால் நான் உன் கட்சியில் இருந்திருப்பேன். வெகுதூரம் போன பிறகு அதே சிலந்தி ஒற்றைக் காலோடு மறுபடி வருகிறது. எதிரே முள் பள்ளம், தாண்ட வழியில்லை. அந்தக் கடைசிக் காலையும் பிடித்து இழுத்துப் பிய்த்துவிட்டு, உடம்பை உருட்டிப் பள்ளத்தில் தள்ளி, அதன்மேல் ஏறிப் போக வேண்டும். என் விரல்தான் அந்த விசையை அழுத்திக்கொண்டிருந்தது. கால் பிய்ந்ததும் சட்டென்று கையை எடுத்துவிட்டேன். அதுவரை அதைப் பார்த்து நான் பயந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு அதன்மேல் பாவமாக இருந்தது, என்மேல் வெட்கமாக இருந்தது. இருட்டு மட்டும் இதைச் செய்துவிடாது, கண்ணு. ராத்திரி கரண்ட் போனாலும்தான் இருட்டாக இருக்கிறது.

தம்பி ஃபோனில் பார்த்துப் பார்த்துச் சில விஷயங்கள் சொன்னான். இதை முதலில் யோசித்த ஆர்ன்ட் ஜென்சன் டென்மார்க்காரர். அவரும் உன்னைப் போலப் பெரிய நிறுவனத்தில் படம் வரைந்தவர்தான். ஹிட்மேன் விளையாட்டைச் செய்தவர்களிடம் வேலை பார்த்திருக்கிறார். 2004 வாக்கில் காட்டை வரைந்திருக்கிறார். தானே நிரல் எழுதப் பார்த்து முடியாமல், 2006-இல் ஒரு சிறு வீடியோ செய்து வெளியிட்டு ஆள் தேடியிருக்கிறார். அப்படி வந்து சேர்ந்தவர் டினோ பட்டி. இருவரும் சேர்ந்து கோபன்ஹேகனில் பிளேடெட் என்று ஆரம்பித்தார்கள். விளையாட்டு வெளிவந்தது 2010 ஜூலையில். இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த செய்தி வேறு: செய்ததில் 70 சதவீதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டோம் என்று பட்டி சொல்லியிருக்கிறாராம். நீ மூன்று மணி நேரம் என்று சொல்வது, அப்படி வெட்டிப் போட்டது போக மிஞ்சிய மூன்று மணி நேரம்.

இப்போது கடைக்கு வா. ஆரி வேலை வைத்த ஜாக்கெட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள், பேரம் பேசுவதில்லை. ஒன்றும் வைக்காத வெள்ளைக் காட்டன் ஜாக்கெட்டுக்குத்தான் "வெறும் துணிதானே, இதற்கா இவ்வளவு?" என்கிறார்கள். லிம்போ வந்தபோது 15 டாலர் விலையைப் பார்த்து இத்தனை சின்ன விளையாட்டுக்கா என்று அங்கேயும் கேட்டிருக்கிறார்கள். தையல்காரியைக் கேட்டால் சொல்வாள்: ஆரியில் தப்பு மறையும். முதுகு கொஞ்சம் கோணினால் அதன்மேல் ஒரு மயிலை உட்கார வைத்துவிடலாம். வெறும் துணியில் கழுத்து கால் அங்குலம் இழுத்தால் தெருமுனையிலிருந்தே தெரியும். அக்குளில் ஒரு சுருக்கம் விழுந்தால் ஒளிய இடமில்லை. என்னிடம் ஒரு வாடிக்கையாளர் அப்படி ஒரு வெள்ளை ஜாக்கெட்டை மூன்று முறை திருப்பிக் கொண்டுவந்தார். மூன்று முறையும் அவர் சொன்னதுதான் சரி. அந்தக் கோபத்தில் அன்றைக்கு உனக்கு அடி விழுந்தது, அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எனவே, வெறுமையாக இருப்பதைப் பார்த்தால் நான் வெட்டைத்தான் பார்ப்பேன். லிம்போவின் காட்டுப் பகுதியில் வெட்டு சுத்தம். சத்தத்தைக் கவனித்தாயா? பாட்டு என்று ஒன்று கிடையாது. இலையில் கால் படுகிற ஒலி, தூரத்தில் ஏதோ முனகல். மார்ட்டின் ஸ்டிக் ஆண்டர்சன் என்பவர் செய்தது. இப்போது பயப்படு, இப்போது அழு என்று வயலின் வைத்துச் சொல்லாததால் நான் எல்லா நேரமும் பயந்துகொண்டே இருந்தேன். முடிவிலும் விளக்கம் இல்லை. கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்து, மறுபடி காட்டில் எழுந்து, குனிந்து உட்கார்ந்திருக்கும், தான் தேடி வந்த தங்கையின் அருகில் போகிறான். அவள் திடுக்கிட்டு நிமிர்கிறாள். அவ்வளவுதான், இருட்டு. பிறகு வரும் முதல் பக்கத்தில் அதே இடம், ஏணி சிதைந்து, ஈக்கள் இரண்டு கூட்டமாக மொய்க்கின்றன. தம்பி "என்னம்மா இது, முடிந்துவிட்டதா?" என்றான். நான் அந்த ஈக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நீ சொன்னதில் பாதி சரி. தொழிற்சாலைக்குள் போனதிலிருந்து காந்தம், பல்சக்கரம், தலைகீழாகப் புரட்டும் பொத்தான் என்று ஆகிவிட்டது. கணக்குப் புத்தகத்தின் பின்பக்கப் பயிற்சி மாதிரி. சிலந்தி போன பிறகு எனக்கு யார்மேலும் பயமும் இல்லை, பாவமும் இல்லை. விமர்சனம் எழுதியவர்கள் காட்டிலேயே மயங்கி, தொழிற்சாலைக்கும் சேர்த்து மதிப்பெண் போட்டுவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்து கிரிஸ் என்ற விளையாட்டு. தம்பிதான் வாங்கினான், உனக்குப் பிடிக்கும் என்றும் சொன்னான். பார்சிலோனாவில் நோமாடா என்ற சிறு குழு, 2018. கான்ராட் ரோசெட் என்ற ஓவியர் வரைந்தது. குரல் போன பெண், நிறம் போன உலகம், ஒவ்வொரு நிறமாகத் திரும்புகிறது. ஒவ்வொரு திரையையும் சட்டம் போட்டு மாட்டலாம், பொய் சொல்லவில்லை. புயல் அடிக்கும்போது அவள் பாவாடை கனத்த கல்லாக மாறிக் காற்றைத் தாங்குகிறதே, அந்த ஓரிடத்தில் கையெடுத்துக் கும்பிட்டேன். மற்றபடி அவள் செத்துப்போக முடியாது, தோற்க முடியாது. துக்கம், துக்கம் என்று படம் சொல்கிறது, என் விரலுக்கு மட்டும் ஒரு துக்கமும் இல்லை. ஆரி வேலை அபாரம், ஆனால் கை தூக்கினால் பிடிக்கிற ஜாக்கெட். அதற்கு இவ்வளவு பாராட்டு கொஞ்சம் அதிகம்தான். பார், உன் பக்கமும் பேசுகிறேன்.

ஜர்னி என்ற விளையாட்டு வேறு. அதில் மொத்தமும் துணி! அங்கி, கழுத்துத் துண்டு, காற்றில் பறக்கும் துணி மீன்கள் மாதிரி ஏதோ. துண்டில் ஒளி இருக்கும்வரைதான் பறக்கலாம். பாலைவனத்தில் இன்னொரு சிவப்பு அங்கி வந்தது. யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. பேச முடியாது, ஒரு சின்னக் கூவல் மட்டும். ஒட்டி நின்றால் இருவர் துண்டும் ஒளிரும். கடைசிப் பனிமலையில் குளிரில் துண்டு தேயும்போது அந்த ஆள் முன்னால் போகாமல் என்னை ஒட்டியே நடந்தது. நான் மெதுவாக நடப்பவள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. முடிந்த பிறகுதான் உடன் வந்தவரின் பெயர் திரையில் வருகிறது. ஏதோ எண்ணும் எழுத்தும் கலந்த பெயர். காலண்டரில் குறித்துவைத்தேன். இதைச் செய்த ஜெனோவா சென்னின் நிறுவனம் முடிப்பதற்குள் காசில்லாமல் திவாலானது என்றும், 2012-இல் வெளிவந்த பிறகு அதன் இசை கிராமி பரிந்துரை வரை போனது என்றும் தம்பி படித்தான். பேச்சு, பெயர், சண்டை எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, ஒட்டி நிற்பதை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். இதற்கு என்ன பாராட்டு கொடுத்தாலும் தகும்.

உன் ஆத்திரம் எனக்குப் புரியாமல் இல்லை. நீ ஆறு மாதம் இலை வரைந்தாய். நனைந்த இலை, காய்ந்த இலை, பூச்சி அரித்த இலை. பத்து லட்சம் பேர் அந்தக் காட்டில் ஓடுகிறார்கள், குனிந்து பார்ப்பதில்லை. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில்கூட உன் பெயரை விட்டுவிட்டார்கள் என்று அழுதாயே, அது அநியாயம். ஆனால் அதைச் செய்தது உன் அலுவலகம். டென்மார்க்கில் இருட்டு வரைந்த ஆள் உன் பெயரை எடுத்துக்கொண்டு போகவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேள். தயங்கினால் சொல், கடிதம் நான் எழுதித் தருகிறேன்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து இன்சைட் ஆடுகிறேன், லிம்போ செய்த அதே குழுவின் அடுத்தது, 2016. மனித மண்டையோட்டுக்குள் ஒலியைச் செலுத்திப் பதிவு செய்தார்களாம், தம்பி சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாய்கள் துரத்துகிற இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். வழி சொல்லிவிடாதே.

பார்சலில் ஊதா நிறத்தில் ஆரி வைத்தது உன் அறைத் தோழிக்கு, கல்யாணத்துக்கு. வெள்ளை உனக்கு. போன வருட அளவிலேயே வெட்டியிருக்கிறேன். கையைத் தூக்கிப் பார், அக்குள் பிடித்தால் உடனே சொல், உள்ளே அரை அங்குலம் விட்டிருக்கிறேன்.

அம்மா