சாரணர் சின்னம் குறித்துப் பெற்றோருக்கு

சேலம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்களும் கொடுத்தாயிற்று. கோ-கோவிலும் சதுரங்கத்திலும் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். அறிவியல் கண்காட்சி நல்லபடியாக நடந்தது. உழைத்த எல்லோருக்கும் பாராட்டு.

அப்புறம், நம் சாரணர், சாரணியர் படை பற்றி உங்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

ஆறாம் வகுப்பிலிருந்து இந்த ஆண்டு சேர்ந்த பிள்ளைகள் இன்னும் சாரணர் உறுதிமொழி எடுக்கவில்லை. அதை எடுத்த பிறகுதான் சாரணர் சின்னத்தை அணியலாம். ஆனால் போன திங்கட்கிழமை காலை வழிபாட்டில் அவர்களில் ஒன்பது பேர் சட்டைப் பையில் சின்னம் தைத்திருந்தது. கேட்டதற்கு, "அம்மா கடையில வாங்கித் தெச்சுக் குடுத்தாங்க மிஸ்" என்றாள் ஒரு சிறுமி. பெல்ட், ஷூ மாதிரி இதுவும் சீருடையில் ஒன்று என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நாங்கள் கொடுத்த பட்டியலிலும் அதை எப்போது அணியலாம் என்று எழுதவில்லை. அது எங்கள் தவறு.

சின்னத்தில் பச்சைத் துணியில் மஞ்சளாகத் தெரிகிறதே, அது லில்லிப் பூ. பழைய வரைபடங்களிலும் திசைமானிகளிலும் வடக்கைக் காட்ட அதைத்தான் வரைவார்கள். 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சிறுவர்களுக்கு முதல் முகாம் நடத்துவதற்கு முன்பே, சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேய ராணுவ அதிகாரி பேடன் பவல் தன் படையில் வேவு பார்க்கும் சாரணர் பயிற்சியை முடித்த வீரர்களுக்கு இந்தப் பூவை அடையாளமாகக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கும் அது பயிற்சியை முடித்தவருக்குத்தான்.

பூவின் மூன்று இதழ்களும் உறுதிமொழியின் மூன்று பகுதிகள்: கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை, பிறருக்கு உதவி, சாரணர் விதிக்குக் கீழ்ப்படிதல். பூவோடு பொருந்தியிருக்கும் மூவிலை, அதாவது மூன்று மடல் கொண்ட இலை, சாரணியருடையது. நடுவில் 24 ஆரங்களோடு அசோகச் சக்கரம். 1950 நவம்பர் 7 அன்று, நம் நாட்டில் தனித்தனியாக நடந்துவந்த சாரணர் அமைப்புகள் ஒன்றுசேர்ந்தன. அடுத்த ஆண்டு சாரணியரும் வந்து சேர்ந்தார்கள். பூவும் இலையும் ஒரே சின்னத்தில் இருப்பது அதனால்தான்.

புதிதாகச் சேரும் பிள்ளை குறைந்தது மூன்று மாதம் பழகி, விதிகளையும் கயிற்று முடிச்சுகளையும் கற்று, கொடியின் முன் உறுதிமொழி சொன்ன பிறகே சின்னம் சட்டைக்கு வரும். கொலுசுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. வெள்ளியின் தரம் பார்க்காமல் முத்திரை குத்தினால் பட்டறைக்காரர் யாராவது ஒப்புக்கொள்வாரா?

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சாரணருக்கான ஆளுநர் விருது எத்தனை மாதத்தில் கிடைக்கும், முகாமுக்கு வராமலே சான்றிதழ் தர முடியுமா என்று சிலர் ஆசிரியர்களிடம் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. பிரவேஷ் (நுழைவு), பிரதம சோபான் (முதல் படி), துவிதீய சோபான் (இரண்டாம் படி), திரிதீய சோபான் (மூன்றாம் படி) என்று பயிற்சியில் ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். செய்யாத வேலைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். உறுதிமொழி எடுக்காத பிள்ளைகள் வரும் திங்கட்கிழமை முதல் சின்னம் அணிந்து வரக் கூடாது. அணிந்து வந்தால் கழற்றி வாங்கி, பெயர் எழுதி உறையில் போட்டு, உறுதிமொழி நாள் வரை என் அறையில் வைத்திருப்போம்.

தயவுசெய்து இதற்காகப் பிள்ளைகளை வீட்டில் திட்டாதீர்கள். ஆசையாக அணிந்து வந்தார்கள், அவ்வளவுதான். ஏற்காடு நடைபயணத்தில் திடீரென்று பனிமூட்டம் இறங்கி, முன்னால் போகிறவர் முதுகுகூடத் தெரியாமல் போனபோது, இதே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்து வரிசை கலையாமல் நின்றார்கள். ஒருவன் திசைமானியைப் பார்த்து, "வடக்கு இந்தப் பக்கம்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் சட்டையில் அன்று சின்னம் இல்லை. சீக்கிரமே அதை அவன் வாங்கப் போகிறான் என்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

அன்று பேருந்து தாமதமாகி இரவாகிவிட்டது. பள்ளி வாசலில் பொறுமையாகக் காத்திருந்த உங்களுக்கும், எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் புளிசாதம் கட்டிக் கொடுத்த தாய்மார்களுக்கும் மனமார்ந்த நன்றி. உறுதிமொழி நாளைத் தனியாகத் தெரிவிக்கிறோம். காலை 7 மணிக்கே தொடங்கிவிடும். வேலைக்குப் போகும் முன் அரை மணி நேரம் ஒதுக்கி வாருங்கள். சின்னத்தை உங்கள் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியை