ஆய்வுக் கப்பல் எல்லாம் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கைக்கு வரும் சீன ஆய்வுக் கப்பல் என்றதும் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுகிறோம். 2022 ஆகஸ்டில் அம்பாந்தோட்டைக்கு வந்த யுவான் வாங் 5, பெரிய அன்டெனாக்களால் செய்மதிகளையும் ஏவுகணைகளையும் பின்தொடர்வது. ஒடிசாக் கரையில் ஏவுகணை சோதிக்கும் இந்தியாவுக்கு அது உறுத்தியதில் வியப்பில்லை.

2023 அக்டோபரில் கொழும்புக்கு வந்த ஷி யான் 6 வேறு ரகம். கடல்நீரின் வெப்பம், உப்பு, ஆழம் ஆகியவற்றை அளப்பது. மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த நீர். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒலி வளையும். அந்த இடத்துக்குக் கீழே நீர்மூழ்கிக் கப்பல் பதுங்கினால், மேலேயுள்ள கப்பலின் சோனாருக்கு (ஒலியால் தேடும் கருவிக்கு) எளிதில் அகப்படாது. அதே அளவீடு சூரை மீன் தேடவும் உதவும். ஆகவே 'வெறும் ஆராய்ச்சி' என்ற விளக்கமும் முழுப் பொய்யல்ல!

2024இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு ஓராண்டுத் தடை போட்டோம். தடையைவிட நிபந்தனையே பலம். ஐ.நா. கடற்சட்டத்தின்படி ஆறு மாதத்துக்கு முன்பே திட்ட விபரம் தரவேண்டும். நம் விஞ்ஞானிகள் கப்பலில் ஏறலாம், தரவுகளையும் கேட்கலாம். எந்த நாட்டுக் கப்பலானாலும், இந்தியக் கப்பலானாலும், இதை எழுத்தில் வாங்கிய பின்பே அனுமதி கொடுக்க வேண்டும்.

வாசகர்,
ஹட்டன்.