விடைக் குறிப்பில் இல்லாத உழைப்பு: பொருளியல் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலை வகுப்புகளுக்குப் பொருளியல் பாடநூல் எழுதும் குழுவின் மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தி மாலை வேளையில் என்னிடம் பாடம் கேட்க வருவாள். சென்ற வாரம், திருத்திக் கொடுத்த விடைத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். 'பொருளாதாரம் சாராத செயலுக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருக' என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு 'பணம் வைத்துச் சீட்டாடுவது' என்று எழுதியிருந்தாள். விடைக் குறிப்பில் இருந்ததோ 'தாய் தன் குழந்தையைப் பராமரிப்பது'. மதிப்பெண் போயிற்று. திருத்திய ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன்; இருபத்தாறு ஆண்டுகள் பொருளியல் ஆசிரியையாக இருந்த நானும் அதே விடைக்குத்தான் சரி போட்டுக்கொண்டிருந்தேன்.

நாட்டு வருமானப் பாடத்தில் ஆங்கிலப் பொருளியலாளர் பிகு சொன்ன எடுத்துக்காட்டு ஒன்று வரும். சம்பளத்துக்கு வைத்திருந்த பணிப்பெண்ணையே ஒருவர் மணந்துகொண்டால், அதே வேலைக்குச் சம்பளம் நின்றுபோவதால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்பது அது. வகுப்பே சிரிக்கும், நானும் சிரிப்பேன். பிகு 1920இல் அதைக் கணக்கில் உள்ள ஒரு முரண்பாடாகத்தான் எடுத்துக்காட்டினார் என்பதையும், நம் பாடங்கள் அந்த முரண்பாட்டையே விதியாக மாற்றிக்கொண்டன என்பதையும் மாணவர்களிடம் ஒரு நாளும் நான் சொன்னதில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் தாயார் பக்கவாதத்தில் விழுந்து படுத்த படுக்கையானார். முதலில், மாதம் 15,000 ரூபாய்க்கு ஒரு பெண்மணியை அமர்த்தினோம். அவர் தம் இரண்டு குழந்தைகளையும் ஊரில் தம் தாயாரிடம் விட்டுவிட்டு என் தாயாரைப் பார்த்துக்கொண்டார். அங்கே குழந்தைகளைப் பார்த்த பாட்டிக்குச் சம்பளம் இல்லை. ஆகவே அவர் கணக்கிலும் இல்லை. ஓராண்டுக்குப் பின் அந்தப் பெண்மணி ஊர் திரும்ப நேர்ந்தபோது நான் விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு அந்த இடத்தில் அமர்ந்தேன். படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று அலாரம் வைத்துக்கொண்டு உறங்கும் இரவுகளில் உடல் உறங்கினாலும் காது உறங்குவதில்லை. புரட்டிய பின் முதுகைத் துடைத்து, விரிப்பில் சுருக்கம் விழாமல் இழுத்துவிட்டு, இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்திருக்கிறதா என்று கைவிளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். வகுப்பறையில் நின்றதைவிடக் கடினமான வேலையை, அதைவிட நீண்ட நேரம் இப்போது செய்கிறேன். ஆனால், நான் நடத்திய பாடத்தின்படி, என் சம்பளமும் அந்தப் பெண்மணியின் சம்பளமும் ஒருசேர நின்றுபோனதால், நாட்டின் வருமானத்தை இரண்டு முறை குறைத்தவள் நான். பிகுவின் எடுத்துக்காட்டுக்கு இப்போது சிரிப்பு வருவதில்லை.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று: பொருளாதார வரலாற்றுப் பகுதியில் பராமரிப்பு உழைப்பைப் பற்றி ஒரு முழுப் பாடம் வேண்டும். பெட்டிச் செய்தியோ, 'நாட்டு வருமானத்தைக் கணக்கிடுவதில் உள்ள சிக்கல்கள்' என்ற தலைப்பின் கீழ் ஒற்றை வரியோ போதாது.

எழுதுவதற்குச் செய்தி இல்லை என்று தாங்கள் சொல்ல இயலாது. இந்த உழைப்பு தானாக மறைந்துவிடவில்லை; கணக்கெடுத்தவர்கள் எடுத்து வெளியே வைத்தார்கள். 1851ஆம் ஆண்டின் இங்கிலாந்துக் கணக்கெடுப்பு மனைவியரையும் தாய்மாரையும் தொழில் அட்டவணைக்குள் ஒரு வகையாக வைத்திருந்தது. 1881இல் அவர்களைத் தொழிலற்றோர் பக்கம் தள்ளியது. முப்பதே ஆண்டுகளில் அந்நாட்டுப் பெண்கள் சமைப்பதை நிறுத்திவிடவில்லை. 1934இல் அமெரிக்காவின் நாட்டு வருமானத்தைக் கணக்கிட்டுக் கொடுத்த பொருளியலாளர் சைமன் குஸ்நெட்ஸ், இல்லத்தரசிகளின் பணியைச் சேர்க்கவில்லை என்பதையாவது வெளிப்படையாகக் குறிப்பிட்டார். நம் நாட்டிலும் விடுதலைக்கு முன்பே, நேருவின் தலைமையில் 1938இல் அமைந்த தேசியத் திட்டக் குழுவுக்கு லட்சுமிபாய் ராஜ்வாடே தலைமையிலான பெண்கள் துணைக்குழு ஓர் அறிக்கை அளித்தது. வீட்டில் பெண் செய்யும் வேலை பணத்தால் அளக்கப்படாவிட்டாலும் அது நாட்டின் செல்வத்துக்கு அளிக்கும் பங்களிப்பே என்று அது வாதிட்டது. திட்டக் குழுவைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்திய எனக்கு அந்த அறிக்கை இருப்பது விருப்ப ஓய்வுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நம் மக்களின் கதையும் இதில் உண்டு. வெள்ளைக்காரக் குடும்பங்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே கப்பலேறிப் போய், லண்டனில் இறங்கியபின் திரும்பும் வழியின்றிக் கைவிடப்பட்ட ஆயாக்கள் தங்குவதற்கென்றே அந்நகரின் ஹாக்னி பகுதியில் ஓர் இல்லம் இருந்தது. 2022இல் அக்கட்டடத்தில் நினைவுப் பலகை பதித்தார்கள். இலங்கை மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்கள் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பரா என்ற தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில் விட்டுவிட்டு மலையேறினார்கள். பறித்த கொழுந்து நிறுக்கப்பட்டுப் பேரேட்டில் ஏறியது. விடியும் முன் லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் அவர்கள் மூட்டிய அடுப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. இருப்புப்பாதைக்கும் நிலவரிக்கும் இத்தனை பக்கம் ஒதுக்கும் பாடநூலில் இதற்கு இரண்டு பக்கம் கிடைக்காதா?

நம் காலத்துக்கு வந்தாலும் நிலைமை வேறல்ல. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சை எடுப்போர், சிறைக்கைதிகள் முதலானோருடன் 'வேலை செய்யாதோர்' தொகுதியில் சேர்த்ததை உச்ச நீதிமன்றம் 2010இல் கண்டித்தது. அதுவும் சாலை விபத்தில் இறந்த ஓர் இல்லத்தரசிக்கான இழப்பீட்டு வழக்கில்! இருக்கும்போது விலையில்லாத உழைப்புக்கு, இறந்த பிறகு காப்பீட்டு நிறுவனத்துக்கு எதிரே நின்று விலை கேட்க வேண்டியிருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்காக 299 நிமிடங்களும், அவ்வாறு ஈடுபடும் ஆண் 97 நிமிடங்களும் செலவிட்டனர். பராமரிப்புக்குச் செலவிடும் நேரம் இதில் அடங்காது; அது தனிக் கணக்கு. ஊதியம் கொடுத்தாலும் அதை ஊதியம் என்று அழைக்க அரசுக்கு மனம் வருவதில்லை. 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தின் பணியாளர்களுக்கு மைய அரசு இன்றும் கொடுப்பதற்குப் பெயர் மதிப்பூதியம். மதிப்பு மிகுதியாகவும் ஊதியம் குறைவாகவும் இருப்பதால் அப்பெயர் பொருத்தம்தான்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருள வேண்டும். அங்கன்வாடி ஊதியத்தைத் தாங்கள் நிர்ணயிப்பதில்லை என்பதும், நாட்டு வருமானத்துக்கான பன்னாட்டுக் கணக்கு முறையைத் தனி ஒரு பாடநூல் குழு மாற்றிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். நாட்டு வருமானக் கணக்கையே திருத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கணக்கு எப்படி உருவானது, யாரை எப்போது வெளியே வைத்தது, அதை மறுத்துப் பேசியவர்கள் யார் என்ற வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். பிரிட்டிஷ் இந்தியாவின் நாட்டு வருமானத்தைக் கணக்கிட்டுப் புகழ்பெற்ற வி.கே.ஆர்.வி. ராவ் பிறந்தது காஞ்சிபுரத்தில். குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதும் அதே காஞ்சிபுரத்தில். அத்தொகைக்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைக்க அரசே முன்வந்த பிறகும், விடைக் குறிப்பு மட்டும் 'பொருளாதாரம் சாராத செயல்' என்றே சொல்லிக்கொண்டிருப்பது முறையா என்று தாங்களே எண்ணிப் பாருங்கள்.

அடுத்த பதிப்பில் அந்தப் பாடத்தைச் சேர்க்குமாறு பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, அந்த ஒரு மதிப்பெண் வினாவையாவது நீக்கிவிடுங்கள். நான் திரட்டி வைத்திருக்கும் குறிப்புகளைப் படியெடுத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன். குழுவின் கூட்டத்துக்கு அழைத்தால் நேரிலும் வருவேன். இரண்டு நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டுகிறேன். அன்றைக்கு அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஓர் ஆளை நான் தேட வேண்டும். அந்த ஒரு நாள் கூலி நாட்டு வருமானத்தில் சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
விருப்ப ஓய்வு பெற்ற பொருளியல் ஆசிரியை ஒருவர்