செந்திலுக்கு, உங்கள் டிசைன் சிஸ்டம் பற்றி

அன்புள்ள செந்தில்,

உன் மெயில் கிடைத்தது. வலைத்தளங்களுக்குத் தோற்றம் கொடுக்கும் தீம்களுக்கான அந்தப் பொது டிசைன் சிஸ்டத்தை, அதாவது நிறம், எழுத்து, பட்டன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வரையறுத்து வைக்கும் தொகுப்பை, இனி நீங்கள் சிலர் சேர்ந்து பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் சாயங்காலங்களில் தமிழ் விக்கிப்பீடியாவின் வார்ப்புருக்களை (பல பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் பெட்டிகளின் அச்சுகளை) டார்க் மோடுக்கு, அதாவது இருண்ட பின்னணிக்கு, ஏற்றபடி திருத்திக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் பதில் தாமதம்.

இந்த வேலையில் பார்த்ததை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் டிசைன் சிஸ்டம் கோடெக்ஸ். அதில் நிறங்களுக்கு நீலம், சிவப்பு என்று இல்லாமல் செய்யும் வேலையை வைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்: அடிப்படை எழுத்து, பின்னணி, அடுத்த படிக்குக் கொண்டுபோகும் பட்டன், அழிக்கும் பட்டன். இப்படிப் பெயர் வைத்த மதிப்புகளைத்தான் டோக்கன் என்கிறோம். 2024-ல் டார்க் மோட் வந்தபோது இந்த டோக்கன்களை வைத்து எழுதிய இடங்களில் மதிப்பை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது. ஆனால் பல வருஷமாகத் தன்னார்வலர்கள் எழுதிச் சேர்த்த தகவற்சட்டங்கள், அறிவிப்புப் பெட்டிகள் எல்லாம் எத்தனை! பின்னணி வெள்ளை என்று நேராக எழுதியிருப்பார்கள், எழுத்தின் நிறத்தைச் சொல்லியிருக்க மாட்டார்கள், டார்க் மோடில் எழுத்தும் வெளுத்துவிடும், அப்புறம் வெள்ளைமேல் வெள்ளை, ஒன்றும் படிக்க முடியாது. எழுதியவர்கள்மேல் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் எழுதிய காலத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் டோக்கன் எதுவும் இல்லை, நிறத்தின் எண் மட்டும்தான் இருந்தது.

அதனால் என் கருத்து இதுதான்: உங்கள் சிஸ்டம் வளர்கிறதா என்பதை எத்தனை காம்பொனென்ட் (பட்டன், பெட்டி போன்ற ஆயத்த உறுப்பு) சேர்ந்தது என்று பார்க்காதே, தீம் எழுதுகிறவர் எத்தனை இடத்தில் அதைப் பயன்படுத்தாமல் சுற்றிக்கொண்டு போகிறார் என்று பார். சுற்றிப் போகிற ஒவ்வொரு இடத்திலும் உங்களிடம் ஏதோ குறைகிறது. ஒன்று, டோக்கன் இல்லை. அல்லது இருக்கிறது, கண்டுபிடிக்க முடியவில்லை. வலைத்தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் 2021-ல் 5.8 பதிப்பில் தீம்.ஜேசான் கோப்பைக் கொண்டுவந்ததை நான் பெரிய விஷயமாக நினைப்பது இதனால்தான். நிறம், எழுத்தளவு, இடைவெளி எல்லாம் ஒரே கோப்பில் இருந்து, எடிட்டரிலும் அதே பட்டியலாகத் தெரிந்தால், தீம் எழுதுகிறவர் எண்ணைத் தேடிப் போக வேண்டியதே இல்லை.

புதிதாகச் சேர்க்கச் சொல்லி வரும் கோரிக்கைகள் குவிகின்றன என்று எழுதியிருந்தாய். பிரிட்டிஷ் அரசின் கவ்.யூகே டிசைன் சிஸ்டம் 2018-ல் வந்தது, அவர்கள் முறையைப் பார். யோசனை வந்தவுடன் இரண்டே கேள்வி: இது தேவைப்படுகிறதா, ஏற்கெனவே இருப்பதிலிருந்து வேறானதா? வெளியிடும் முன் இன்னும் சில: உண்மையான பயனர்களிடம் சோதித்ததா, மற்றவற்றோடு ஒத்துப்போகிறதா, வேறு சேவைகளிலும் பயன்படுமா. வந்த யோசனைகளை எல்லாருக்கும் தெரியும்படி பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள், வெளியாட்களும் உட்கார்ந்து பரிசீலிக்கிறார்கள். நீங்களும் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள், ஆனால் காரணத்தை எழுதிச் சொல்லுங்கள். பதிலே வராத கோரிக்கைக்காரர் திரும்பி வரமாட்டார், தன் தீமுக்குள் தனியாக ஒன்றை எழுதிக்கொள்வார். வேண்டாம் என்பதைவிட அந்த மௌனம்தான் ஆளை விரட்டுகிறது.

தமிழுக்காக ஒரு வேண்டுகோள், இதைத் தள்ளிப்போடாதே. பட்டனின் அகலத்தை ஆங்கிலச் சொல்லை வைத்து நிர்ணயித்தால் தமிழ்ச் சொல் பாதியில் வெட்டுப்படும். வரி உயரத்தை நெருக்கினால் மேலே இருக்கும் புள்ளியும் கீழே இறங்கும் சுழியும் முட்டிக்கொள்ளும். தலைப்பை பெரிய எழுத்தாக மாற்றி அழுத்தம் கொடுப்பது நம் எழுத்தில் நடக்கவே நடக்காது, எழுத்தின் கனமும் அளவும்தான் கைகொடுக்கும். இதையெல்லாம் கடைசியில் சேர்க்கும் மொழிபெயர்ப்பு வேலையாக விடாமல், ஒவ்வொரு காம்பொனென்டின் மாதிரிப் பக்கத்திலும் தமிழிலும் ஒரு எடுத்துக்காட்டு இருக்கட்டும். நிறங்களையும் சோதித்துவிடு, சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் ஒளிர்வில் 4.5:1 வேறுபாடாவது இல்லாத நிற இணை எதையும் உள்ளே விடாதே.

டோக்கன்களின் பழைய பெயர்களை ஒரேயடியாக நீக்காதே. புதிதைக் கொடு, பழையதும் கொஞ்ச காலம் வேலை செய்யட்டும், எச்சரிக்கை காட்டட்டும், அடுத்த பெரிய பதிப்பில் எடுத்துவிடு. என்ன மாறுகிறது, எதை எதால் மாற்ற வேண்டும் என்ற குறிப்பை நிரல் எழுதியவரே எழுத வேண்டும், வேறு யாருக்கும் அது அவ்வளவு தெளிவாக வராது.

சரி, உங்கள் டோக்கன் பட்டியலை அப்படியே எனக்கு அனுப்பு. பெயர்களைப் பார்த்துவிட்டு, தமிழ் எடுத்துக்காட்டுகளில் முதல் சிலவற்றை நானே எழுதித் தருகிறேன். பட்டனிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
கதிர்