எந்த விரல் என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்துகளில் ரெடிமேட் தைப்பவர்களுக்கு மிஷின் ஊசி விரலில் ஏறுவது புதிதல்ல. நகத்தைத் துளைத்து இறங்கும் ஊசி, சில நேரம் நுனி ஒடிந்து உள்ளேயே நின்றுவிடும். ஊசியை எடுத்து, டி.டி. (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு, கட்டுக் கட்டி அனுப்புகிறார்கள். வைத்தியத்தில் குறை சொல்ல முடியாது. ஓ.பி. சீட்டில்தான் ‘விரலில் காயம்’ என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

இதே சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மெடிக்கல் கோடிங், அதாவது டாக்டர் எழுதிய நோய்க்கும் காயத்துக்கும் உரிய குறியீட்டு எண் போடும் வேலை, செய்பவர்கள் ஏராளம். அந்நாட்டுக் குறியீட்டுப் பட்டியலில், நகம் சேதமான விரலின் துளைக் காயத்துக்கு எஸ்61.33, உள்ளே ஏதாவது தங்கியிருந்தால் எஸ்61.34. அடுத்த எண் விரலைச் சொல்லும்: வலது ஆள்காட்டி 0, இடது ஆள்காட்டி 1, வலது நடுவிரல் 2 என்று போய் இடது சுண்டுவிரல் 7. கட்டைவிரலுக்குத் தனியாக எஸ்61.1. கடைசியில் வரும் ‘ஏ’ முதல் வருகையைக் குறிப்பதாகப் புதியவர்கள் நினைப்பதுண்டு. காயத்துக்கான நேரடிச் சிகிச்சை நடக்கும்வரை ‘ஏ’தான், ஆறிவரும் காயத்துக்குக் கட்டு மாற்ற வந்தால் ‘டி’. தோல் கிழியாமல் நகத்தடியில் ரத்தம் மட்டும் கட்டியிருந்தால் எஸ்60.1. எலும்பும் உடைந்திருந்தால் எஸ்61 பக்கமே போகக்கூடாது, திறந்த முறிவாக எஸ்62. டாக்டர் எழுதாததைக் கோடர் ஊகித்துப் போடக் கூடாது. கேட்டுத்தான் போட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலில் இத்தனை பிரிவு இல்லை. அதில் எஸ்61.1 என்றால் நகம் சேதமான விரல் காயம்; எந்தக் கை, எந்த விரல் என்பது எண்ணில் வராது. ஆகவே நம் ஊரில் அதற்குச் சாட்சி டாக்டர் சீட்டில் எழுதுவது மட்டுமே.

நகத்தடிச் சதைக்குக் கீழே உடனே எலும்பு. சீழ் அதுவரை இறங்கி நுனிக் கணுவை எடுக்கும் நிலை வந்தால், தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்ட அட்டவணைப்படி சம்பாதிக்கும் திறன் இழப்பு ஆள்காட்டி விரலுக்கு 9 சதவீதம், நடுவிரலுக்கு 7, மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் 5. ‘விரலில் காயம்’ என்ற முதல் சீட்டை வைத்துக்கொண்டு இதில் எதைக் கேட்பது? இ.எஸ்.ஐ. இல்லாத சின்னப் பட்டறைகளில் முதலாளி ‘இங்கே நடந்ததே இல்லை’ என்றும் சொல்வார்.

அவசரப் பிரிவு மருத்துவர்கள் இப்படி எழுதினால் போதும்: “வலது ஆள்காட்டி விரல், தையல் மிஷின் ஊசி, வேலையின்போது, நகத்தைத் துளைத்து நகத்தடி வரை, ஒடிந்த ஊசித் துண்டு எடுக்கப்பட்டது, எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை, மிச்சத் துண்டு இல்லை, டி.டி. போடப்பட்டது.” எக்ஸ்ரே நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்ததாக இருக்கட்டும், ஒரே கோணத்தில் எடுத்தால் துண்டு எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று தெரியாது. டெய்லர்களும் சீட்டை வாங்கியதும் கையும் விரலும் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பிறகு போய்த் திருத்தச் சொன்னால் எளிதில் நடக்காது.

இப்படிக்கு,
மெடிக்கல் கோடிங் பணியாளர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81.