ஊற்றுத் தொட்டிக்கு நான்கு படி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சேர்வராயன் மலையில் ஊற்றுத் தண்ணீரைத் தேக்கும் ஊர்களில் பெரும்பாலும் ஒரே தொட்டியைக் கட்டி முடித்துவிடுகிறோம். குடம் மொள்வதும், மாடு வாய் வைப்பதும், துணி அலசுவதும் அதே இடத்தில் என்றால் ஊருக்கு நோய் வரத்தான் செய்யும்.

பிரான்ஸ் கிராமங்களின் பொதுத் துவைதுறைகளைப் பார்த்தால் இதற்கான விடை கல்லிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் காலரா, டைபாய்டு பயத்தில் அவை ஊர் ஊராக எழுந்தன. 1851 பிப்ரவரி 3ஆம் தேதிச் சட்டம் பொதுக் குளியலறைகளுக்கும் துவைதுறைகளுக்கும் மானியமாக 6 லட்சம் பிராங்க் ஒதுக்கியது. முறையாகக் கட்டிய துறையில் ஊற்று வாய் கல்லால் கட்டிய சிறு அறைக்குள் மூடியிருக்கும். அங்கிருந்து முதலில் குடிநீர்த் தாரை, அதில் வழிவது மாட்டுத் தொட்டிக்கு, அடுத்து அலசும் தொட்டி, கடைசியில் சோப்புப் போடும் தொட்டி. ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் தாழ்வு என்பதால் அழுக்கு நீர் மேலே ஏறாது. விளிம்புக் கல் தண்ணீரை நோக்கிச் சாய்ந்திருக்கும், துவைகல்லும் அதுவே. அந்தக் காலத்தில் பெண்கள் வைக்கோல் திணித்த மரப்பெட்டியில் முழங்காலிட்டுத் துணியை மரக்கட்டையால் அடிப்பார்கள். அதற்கு முன் வீட்டில் நம் வெள்ளாவி போன்ற வேலை நடக்கும்: விறகுச் சாம்பலில் கொதிநீர் ஊற்றி, அந்தக் காரநீரைத் துணியில் திரும்பத் திரும்ப இறக்குவார்கள். கறை ஏறும் என்று ஓக் மரச் சாம்பலை ஒதுக்குவார்கள்.

அங்கே கெடுவதும் இங்கே கெடுவதும் ஒரே மாதிரிதான். வழிந்தோடும் குழாயை ஊற்றின் இயல்பு மட்டத்துக்கு மேலே வைத்தால் தண்ணீர் எதிர் அழுத்தத்தில் வேறு வழி தேடிப் போய்விடும். பிறகு அந்த ஊற்றை மீட்பது கடினம். பழைய சுண்ணாம்புக் கட்டின் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கிக் கல் உதிரும். களிமண் அணைத்த தொட்டியைக் காயவிட்டால் களிமண் வெடித்துக் கசியும், ஆகவே கழுவிய அன்றே நிரப்ப வேண்டும். அடியில் வடிகால் துளை இல்லாத தொட்டியில் சேறு தங்கும். அந்தத் துளை வரவுக் குழாயைவிடப் பெரிதாக இருப்பது நல்லது.

ஊற்றில் வரும் நீரின் அளவை மழைக்காலத்தில் எடுக்கக் கூடாது. ஏப்ரல், மே மாதத்தில் 20 லிட்டர் வாளியை ஊற்றில் பிடியுங்கள். 40 வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 30 லிட்டர், நாளுக்கு 43,200 லிட்டர். 12 அடி நீளம், 5 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத் தொட்டி 90 கன அடி, அதாவது சுமார் 2,550 லிட்டர். அது நிறைய 85 நிமிடம் ஆகும். அதற்கு மேல் பெரிதாகக் கட்டினால் சோப்பு நீர் மாறாமல் தேங்கிப் புளிக்கும்.

ஊற்றுக்கு மேல்புறச் சரிவில் கக்கூஸ் குழியோ உரக்குவியலோ காபிப் பழம் உரிக்கும் கழிவுநீரோ இருந்தால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. முதலில் அதை அகற்ற வேண்டும். துவைத்த நீரை ஓடையில் விடாமல் கீழே வாழைப் பாத்திக்குத் திருப்பலாம். குடிநீர்த் தாரையின் தண்ணீரைப் பரிசோதித்த பிறகே குடிக்கக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 22 கிராம சபையில் ஏற்காடு ஒன்றியத்தின் ஊர்கள் தங்கள் ஊற்றுகளைப் பட்டியலிட்டு, கோடை அளவு எடுத்த பிறகே மதிப்பீடு போடுமாறு தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஏற்காடு