கண்ணாடிச் சுவரும் மலையகக் குளிரும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

ஜனவரி பிறந்தால் நுவரெலியாவில் துகள் உறைபனி படிந்த படங்கள் நாளிதழ்களில் தவறாமல் வெளிவருகின்றன. படமெடுக்க வருவோர் மறுநாளே திரும்பிவிடுகின்றனர். குளிரோடு குடித்தனம் நடத்துபவர்கள் நாங்கள். அப்படியிருந்தும், இங்கு புதிதாக எழும் வீடுகளில் மலையும் தோட்டமும் தெரியவேண்டும் என்று தரை முதல் கூரை வரை கண்ணாடி பதிக்கிறோம். குடிபுகுந்த பிறகுதான் சூடேற்றுவதைப் பற்றி யோசிக்கிறோம்.

ஒற்றைக் கண்ணாடியில் ஒவ்வொரு சதுர மீற்றரிலும், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும், ஏறத்தாழ 5.7 வாற்று வெப்பம் வெளியேறும். 10 சதுர மீற்றர் யன்னலுள்ள அறையில் 18 பாகையும் வெளியே 6 பாகையும் இருந்தால், கண்ணாடி வழியாக மட்டும் சுமார் 680 வாற்று போய்க்கொண்டே இருக்கும். இரட்டைக் கண்ணாடி இந்த இழப்பைப் பாதியளவாகக் குறைக்கும். இரவில் யன்னலின் அடியில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தால், மேலெழ வேண்டிய புகை கண்ணாடியை ஒட்டிக் கீழிறங்கித் தரையோடு அறைக்குள் ஊர்வதைக் காணலாம். குளிர்ந்து கனத்த காற்றின் வேலை அது. அறையின் மறுமூலையில் ஹீட்டரை வைத்தால் தலைக்கு மேல் வெக்கையும் காலடியில் குளிருமாக இருப்பது இதனால்தான்.

ஆகவே வெப்பம் யன்னலின் அடியிலிருந்தே எழவேண்டும். அதைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்யவும் வழியுண்டு. யன்னலோரமாகத் தரையில் கால்வாய் போல் இடம்விட்டு, அதனுள் சூடேற்றியைப் பொருத்தி, தரைமட்டத்தில் கம்பிச்சட்டம் இட்டு மூடலாம். ஆனால் கொங்கிரீட் போடுவதற்கு முன்பே மேசன் பாஸிடம் சொல்லிவிட வேண்டும். கட்டி முடித்த வீடென்றால் சுவரடிப் பலகையின் உயரத்திலேயே அமையும் தட்டையான மின்சூடேற்றி போதும். நீளத் திரைச்சீலை அதன்மேல் விழுந்தால் சூடு கண்ணாடிப் பக்கமே போய்விடும், தீப்பிடிக்கவும் கூடும். தரை ஓட்டுக்கு அடியில் பதிக்கும் மின்கம்பி விரிப்பும் நல்லதே, அதன்மேல் அலுமாரியை வைக்காதவரை.

மலைநாட்டில் ஏசி எதற்கு என்று சிரிப்பவர்கள் உண்டு. சூடேற்றவும் வல்ல இன்வேர்ட்டர் ஏசி, ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று அலகு வெப்பம் தரும். கொழும்புக் கடைகளில் உள்ளவற்றில் பல குளிரூட்ட மட்டுமே பயன்படும் என்பதால் கேட்டு வாங்குவது அவசியம். சாதாரண 2000 வாற்று ஹீட்டரோ ஐந்து மணி நேரத்தில் 10 அலகை விழுங்கிவிடும். பாவனை கூடக்கூட அலகின் விலையும் ஏறும் நம் நாட்டில் அது சிறு தொகையல்ல. அது இழுக்கும் மின்னோட்டமும் ஏறத்தாழ 9 அம்பியர். பழைய வீடுகளின் 5 அம்பியர் பிளக்கில் அதைச் செருகக்கூடாது.

மின்பட்டியலுக்குப் பயந்து கரிச்சட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோவது இன்னும் நிற்கவில்லை. பழைய துரை பங்களாக்களில் கணப்படுப்புக்குப் புகைபோக்கி இருந்தது. இறுக அடைத்த கண்ணாடி அறையிலோ, எரியும் கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு மணமோ நிறமோ இன்றித் தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். குளிர்காலம் தொடங்குமுன் இதையாவது தங்கள் நாளிதழ் முதற்பக்கத்தில் எச்சரிக்கையாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நுவரெலியா.